வெறும் வயிற்றுக்கும் ஒரு மேல் வரம்பு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் நெல்லைப் பக்கத்தில் இலவச மருத்துவ முகாம் ஒன்றின் அறிவிப்பைப் பார்த்தேன். ‘ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள விரும்புவோர் வெறும் வயிற்றுடன் வர வேண்டும். முகாம் காலை 9 மணிக்குத் தொடங்கும்’ என்று போட்டிருந்தது. அவ்வளவுதான். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டிருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாமா, சுகர் மாத்திரை போடுகிறவர் அன்று காலை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. இது அந்த முகாமின் குறை மட்டுமில்லை. எங்கள் பகுதியில் பல லேப் வாசல்களில் இதே கதைதான். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடமில்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் மணிக்கணக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் நுட்பநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதன் பிறகும் சில ஆண்டுகள் தனியார் லேப் ஒன்றில் காலை வேளையில் மட்டும் ரத்தம் எடுக்கப் போய்வந்தேன். நாற்காலியில் வந்து உட்காருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, ‘கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?’ என்பதைத்தான். சாப்பிட்டுவிட்டு வந்து மறைக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ‘ஒரு வாய் காபிதான்மா, அது சாப்பாட்டுல சேருமா?’ என்று கேட்கிறவர்களும் உண்டு. (சேரும். பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் அது சாப்பாடுதான்.) ஆனால் நான் பார்த்தவரை அதிகம் பேர் மறுபக்கம் போய்விடுகிறார்கள். அளவுக்கு மேல் பட்டினி கிடந்துவிட்டு, அதை ஒரு சாதனை போலச் சொல்வார்கள்.

எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். சுகர் உள்ளவர். காலை பத்து மணிக்கு வந்து கையை நீட்டினார். எப்போது சாப்பிட்டது என்று கேட்டேன்.

“நேத்து மத்தியானம் சாப்பிட்டதும்மா. ராத்திரி ஒண்ணும் தொடல. வயிறு சுத்தமா இருந்தாத்தானே ரிசல்ட்டும் சுத்தமா வரும்?”

ஏறத்தாழ இருபது மணி நேரம். அவர் கணக்கில் இன்னொன்றும் இருந்தது. சாப்பிடாமல் போனால் சுகர் குறைவாகக் காட்டும், டாக்டரிடம் ஏச்சு வாங்க வேண்டாம். சரி, நினைத்தபடி சாப்பாட்டுக்கு முன் பார்த்தது 118தான் வந்தது. முகத்தில் ஒரே சந்தோஷம். அப்புறம் நேராக ஓட்டலுக்குப் போய், இருபது மணி நேரப் பசிக்கு இட்லி, பொங்கல், வடை என்று ஒரு பிடி பிடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வந்து அடுத்த ரத்தம் கொடுத்தார். 312. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 8.9 வந்தது. ஒரே ரிப்போர்ட்டில் மூன்று எண்கள், மூன்றும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

இதில் மாயம் ஒன்றுமில்லை. நீண்ட பட்டினிக்குப் பிறகு சாப்பிடுகிற முதல் சாப்பாட்டுக்குச் சர்க்கரை வழக்கத்தைவிட அதிகமாக ஏறும். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தவருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை கூடுதலாக ஏறுவதும் இதனால்தான். ஆக, அண்ணாச்சியின் 118 அவருடைய வழக்கமான காலைச் சர்க்கரை இல்லை, 312 அவருடைய வழக்கமான சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையும் இல்லை. உண்மையைச் சொன்னது ஹெச்பிஏ1சி மட்டும்தான். அது ஒரு ராத்திரி பட்டினிக்கெல்லாம் அசையாது. அதற்கு வெறும் வயிறே தேவையில்லை, சாப்பிட்டுவிட்டுப் போயும் கொடுக்கலாம் என்பது இன்னும் பலருக்குத் தெரியாது.

ஆய்வகத்தில் ‘ஃபாஸ்டிங்’ என்று சொல்வதற்கு ஓர் அளவு இருக்கிறது. சுகருக்குக் குறைந்தது 8 மணி நேரம். கொழுப்புப் பரிசோதனைக்கு வழக்கமாகக் கேட்பது 9 முதல் 12 மணி நேரம். குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்கும் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் 8 முதல் 14 மணி நேரம் என்று கீழும் மேலும் வரம்பு வைத்திருக்கிறது. நம்மூரில் கீழ் வரம்பை மட்டும் சொல்கிறோம். ‘பத்து மணி நேரமாவது சாப்பிடக் கூடாது’ என்று சொன்னால், கேட்கிறவர் பதினெட்டு மணி நேரம் இருந்தால் இன்னும் நல்லது என்று எடுத்துக்கொள்கிறார். ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் ‘இயல்பு அளவு’ என்று அச்சிட்டிருக்கிறார்களே, அது ராத்திரி சாப்பிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து வந்தவர்களுக்கானது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவரின் ரத்தத்தை அதோடு ஒப்பிட்டால் பொருந்தாது.

உடம்புக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டால், நள்ளிரவுக்கு மேல் ரத்தத்தின் சர்க்கரையைக் கல்லீரல்தான் தாங்குகிறது. அங்கே கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்திருப்பது ஏறக்குறைய 100 கிராம். பட்டினி ஒரு நாளை நெருங்கும்போது அது அநேகமாகத் தீர்ந்துவிடும். அரிசிப்பானை காலியானதும் கொல்லையில் கிழங்கைத் தோண்டுவது மாதிரி, உடம்பு அதற்குப் பிறகு தசையின் புரதத்தையும் கொழுப்பையும் எடுத்துச் செலவு செய்ய ஆரம்பிக்கிறது. அந்த மாற்றம் முழுவதும் ரத்தத்திலும் சிறுநீரிலும் தெரியும். அது நோய் இல்லை, பட்டினியின் அடையாளம். ஆனால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு அம்புக்குறியோடு வரும்போது பார்க்கிறவருக்கு நோயாகத்தான் தெரியும்.

சிலர் என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். ‘ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல, அப்புறம் எப்படி 160?’ என்பார்கள். விடியற்காலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் கூடும். அவை கல்லீரலைச் சர்க்கரை விடச் சொல்லும். இன்சுலின் போதிய அளவு இருந்தால் அதைத் தடுத்து நிறுத்தும். சுகர் உள்ளவருக்கு அந்தத் தடுப்பு சரியாக இருக்காது. அதனால் வாயில் ஒன்றும் போடாமலே சர்க்கரை ஏறும். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டால் காலையில் குறைந்தே தீரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நான் நேரில் பார்த்ததிலேயே மோசமானது ஒரு பையனுடைய விஷயம். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்க வந்தான். ஐப்பசியில் கந்த சஷ்டி முடிந்த மறுநாள். வீட்டில் ஆறு நாளும் விரதம். அவன் கடுமையாக இருந்திருக்கிறான், நாளுக்குச் சில மிளகும் தண்ணீரும், சாயங்காலம் கொஞ்சம் பால். திருச்செந்தூரில் சூரசம்காரம் பார்த்துவிட்டு, கூட்டத்தில் நின்று, பஸ்ஸில் இரவு வந்து சேர்ந்து, காலையில் நேராக லேபுக்கு வந்துவிட்டான். காமாலையில் ஏறும் மஞ்சள் நிறப் பொருளான பிலிருபின் 3.1. இயல்பு அளவு 1.2 வரைதான். கண்ணின் வெள்ளையிலும் இலேசாக மஞ்சள் தெரிந்தது.

அவன் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். காமாலை என்று வைத்தியரிடம் கூட்டிப் போனார்கள். கீழாநெல்லி கொடுத்து, உப்பில்லை, எண்ணெய் இல்லை, மோர்ச்சோறு மட்டும் அரை வயிற்றுக்கு என்று பத்தியம் சொன்னார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் 2.6. பையன் மேலும் இளைத்துவிட்டான். மஞ்சள் போகவில்லை என்று பத்தியத்தை இறுக்கினார்கள்.

முதல் ரிப்போர்ட்டையே உற்றுப் பார்த்திருந்தால் விஷயம் அப்போதே தெரிந்திருக்கும். மொத்த பிலிருபின் 3.1இல் ‘டைரக்ட்’, அதாவது கல்லீரல் பக்குவப்படுத்திய பகுதி, வெறும் 0.4. கல்லீரல் பாதிக்கப்பட்டால் ஏறும் எஸ்ஜிபிடி 24தான். சிறுநீரில் பிலிருபின் இல்லை. ஹீமோகுளோபின் நன்றாக இருந்தது. கிருமியால் வரும் மஞ்சள் காமாலை என்றால் எஸ்ஜிபிடி நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்தைத் தாண்டிக்கூட நிற்கும், சிறுநீர் கடுஞ்சாயா நிறத்தில் போகும். இவனுக்கு இருந்தது கில்பர்ட் நிலை. பிரெஞ்சு மருத்துவர் அகுஸ்தின் கில்பர்ட் 1901இல் எழுதி வைத்தது. பிலிருபினைக் கல்லீரல் பக்குவப்படுத்தி வெளியே அனுப்ப உதவும் ஒரு நொதி இவர்களுக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். வேறு ஒரு தொந்தரவும் இருக்காது, சிகிச்சையும் வேண்டாம். நூறு பேரை எடுத்தால் சிலருக்காவது இருக்கும், பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. ஆனால் பட்டினி கிடந்தால் பிலிருபின் இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடும். ஒரு காலத்தில் இதை உறுதிசெய்யவே, இரண்டு நாள் நாளுக்கு 400 கலோரி மட்டும் கொடுத்து ஏறுகிறதா என்று பார்ப்பார்கள்.

இப்போது அந்தப் பத்தியத்தை நினைத்துப் பாருங்கள். பட்டினியால் ஏறியதை இறக்க இன்னும் பட்டினி! மருத்துவர் ஒருவர் கடைசியில் ரிப்போர்ட்டை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, ‘பத்தியத்தை எல்லாம் தூக்கிப் போடு, மூணு வேளை வயிறாரச் சாப்பிட்டுட்டு ஒரு வாரம் கழிச்சு வா’ என்று அனுப்பினார். 1.3க்கு வந்துவிட்டது. அதற்குள் வேலைக்கு ஆள் எடுத்த ஏஜென்ட் அடுத்த பையனை அனுப்பிவிட்டார். முதல் நாள் லேபில் யாராவது ‘ஆறு நாள் விரதம்’ என்று மூன்று வார்த்தையை ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் இத்தனை அலைச்சல் இருந்திருக்காது. கண் மஞ்சளாகத் தெரிந்தால் எல்லாமே விரதத்தால்தான் என்று வீட்டில் உட்கார்ந்துவிடவும் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல், வாந்தி, கடுஞ்சாயாச் சிறுநீர் இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

யூரிக் அமிலமும் இப்படித்தான். பட்டினியில் உடம்பு கொழுப்பைச் செலவு செய்யும்போது உண்டாகும் கீட்டோன்கள் சிறுநீரகத்தில் யூரிக் அமிலம் வெளியேறும் வழியில் குறுக்கே நிற்கின்றன, ரத்தத்தில் அது ஏறிவிடுகிறது. முன்பே அது அதிகம் உள்ளவருக்கு விரத நாட்களில் கால் கட்டைவிரல் மூட்டு வீங்கிச் சிவப்பதும் உண்டு. சிறுநீரில் கீட்டோன் இரண்டு பிளஸ் என்று வந்தாலும், சுகர் இல்லாத ஆள் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. சுகர் உள்ளவருக்கு, அதிலும் சர்க்கரை ஏறியிருக்கும்போது வந்தால் அது வேறு விஷயம், அவசரம். ஒரே இரண்டு பிளஸ்தான், கடைசிச் சாப்பாட்டு நேரம் தெரியாவிட்டால் எதை எது என்று பிரிப்பது? சில நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் தைராய்டு ஹார்மோனான டி3கூடக் குறைந்து காட்டும்.

பட்டினியில் எண்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1965–66இல் ஸ்காட்லாந்தில் ஆங்கஸ் பார்பியரி என்ற மிகவும் பருத்த இளைஞர், டண்டீ நகர மருத்துவர்களின் மேற்பார்வையில் 382 நாட்கள் சாப்பாடே இல்லாமல் இருந்தார். தண்ணீர், வைட்டமின்கள், தேவைப்பட்டபோது உப்புச் சத்து போன்றவைதான். கடைசி மாதங்களில் அவருடைய ரத்தச் சர்க்கரை 30 வாக்கில்தான் இருந்தது. அவர் நடமாடிக்கொண்டுதான் இருந்தார். உடம்பு மெல்ல மெல்லக் கீட்டோனுக்குப் பழகியிருந்தது. இதே 30 மாத்திரை போடும் ஒருவருக்கு ஒரு காலையில் வந்தால் ஆள் விழுந்துவிடுவார். இதைப் படித்துவிட்டு யாரும் முயற்சி செய்துவிட வேண்டாம்.

விழுந்துவிடுவார் என்று சொன்னேன், அதையும் பார்த்திருக்கிறேன். வேறொரு முகாம். 9 மணிக்குத் தொடக்கம் என்று போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது பதினொன்றுக்கு மேல். அதற்குப் பிறகு குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரைக்கு முன் ஒரு வாழ்த்துரை. கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பெண்கள் முந்தைய நாள் ஏழு மணிக்கே சாப்பிட்டு முடித்தவர்கள். பதினாறு மணி நேரம் ஆகிவிட்டது. வரிசையில் நின்ற ஓர் ஆச்சிக்கு வியர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். விரலில் குத்திப் பார்த்தோம், 52. சாப்பிடாமல் வரச் சொன்னார்கள் என்று சாப்பிடாமல் வந்திருக்கிறார். மாத்திரையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் போட்டுவிட்டு வந்திருக்கிறார். இரண்டு சொல்லையும் அப்படியே கேட்டவர் அவர். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, ஏறிய பிறகு பிஸ்கட் கொடுத்தோம்.

வேடிக்கை அடுத்துதான். சுதாரித்துக்கொண்டதும் முகாம் ஆட்கள் அவரை மறுபடியும் வரிசையில் சேர்த்து, ரத்தம் எடுத்து, ட்யூப்பில் ‘ஃபாஸ்டிங்’ என்று சீட்டு ஒட்டினார்கள். சர்க்கரைத் தண்ணீர் குடித்தவர். சர்க்கரை தாழ்ந்ததும் அதை மேலே தள்ள உடம்பு வேறு ஹார்மோன்களை அள்ளி விட்டிருக்கும். அந்த ரத்தத்தில் வரும் எண் யாருக்கு உதவும்? அதோடு, எடுத்த ட்யூப்கள் ஒரு பெட்டியில் கிடந்து சாயங்காலம்தான் லேபுக்குப் போயின. ரத்த அணுக்கள் ட்யூப்புக்குள்ளும் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சாம்பல் மூடி ட்யூப்பில் இருக்கும் ஃபுளோரைடு அதை நிறுத்தும், ஆனால் முழுசாக நிறுத்த ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் உள்ளே நடப்பது, மக்கள் கையில் இல்லை. ஆனால் முகாம் நடத்துகிறவர்கள் கையில் இருக்கிறது. ரத்தம் எடுப்பதை ஏழு மணிக்கு வைத்து, டிபன் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, அதற்குப் பிறகு யார் எத்தனை மணிக்கு வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும்.

பெரிய இடங்களின் முழு உடல் பரிசோதனையிலும் இது நடக்கிறது, அங்கே பொன்னாடைக்குப் பதில் ஸ்கேன். வயிற்று ஸ்கேனுக்கும் சாப்பிடக் கூடாது என்பதால், எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்தவரை ஸ்கேன் டாக்டர் வரும் வரை பன்னிரண்டு, ஒரு மணி என்று பட்டினி போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு சாப்பிடவைத்து எடுக்கும் சுகர் எப்படி இருக்கும் என்பதற்கு அண்ணாச்சியே சாட்சி. என் தங்கை மகன் சென்னையில் ஐடியில் இருக்கிறான், எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறையைப் பிடித்திருக்கிறான். ராத்திரி ஏழுக்கு நிறுத்தினால் காலை பதினொன்றுக்குத்தான் வாய் திறப்பான். ‘பெரியம்மா, நான் எப்பவுமே ஃபாஸ்டிங்தான், எந்நேரமும் ரத்தம் கொடுக்கலாம்’ என்றான். கொடுக்கலாம், காலை ஏழு மணிக்குக் கொடு, பத்தரைக்குப் போகாதே என்றேன்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஆட்கள் காட்டும் கண்டிப்பு எனக்குப் புரிந்ததே இல்லை. வெறும் தண்ணீர் குடிக்கலாம். குடிக்கத்தான் வேண்டும். ஏகாதசிக்கு இருப்பது போல ஒரு சொட்டு இல்லாமல் வந்தால் ரத்தம் செறிந்துபோய் ஹீமோகுளோபின், புரதம், யூரியா எல்லாம் கொஞ்சம் கூட்டிக் காட்டும். நரம்பும் கிடைக்காது. கையில் கட்டிய ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்துத் தேட வேண்டி வரும். அதுவே முடிவுகளை மாற்றும். ‘கையை மூடி மூடித் திறங்க’ என்று பம்ப் அடிக்கவைத்தால் பொட்டாசியம் கூடும். காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தால் ஒரே குத்தில் முடிந்திருக்கும். பல் துலக்கலாம். வெற்றிலை பாக்கு, சிகரெட், சர்க்கரை போட்ட மிட்டாய் கூடாது.

மாத்திரை விஷயத்தில் ஒரே விதி எல்லோருக்கும் ஒத்துவராது, எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே முந்தைய நாள் கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுவாக, சாப்பாட்டை ஒட்டிப் போடும் சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் ரத்தம் கொடுத்துச் சாப்பிடும் நேரத்துக்குத் தள்ளச் சொல்வார்கள். பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு வழக்கம்போல் போடச் சொல்வார்கள். ‘வெறும் வயிறு’ என்று கேட்டதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பிரஷர் 180இல் வந்து நிற்பவர்களும் உண்டு.

எல்லாச் சோதனைக்கும் பட்டினி தேவையும் இல்லை. கொழுப்புக்குக்கூட டென்மார்க்கில் 2009இலேயே கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், 2016இல் ஐரோப்பிய நிபுணர் குழுக்கள் சேர்ந்து, முதல் சோதனைக்குச் சாப்பிட்டுவிட்டே வரலாம் என்றன. வழக்கமான சாப்பாட்டுக்குப் பிறகு டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு சராசரியாக 26 மில்லிகிராம்தான் கூடுகிறது. அது 400 பக்கம் போனால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். ஏனென்றால் பல லேபில் கெட்ட கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை, 1972இல் ஃப்ரீடுவால்ட் என்ற ஆய்வாளர் சொன்ன கணக்கில் டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்துக் கழித்துத்தான் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு 400க்கு மேல் நிற்காது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் பெருமைப்படவே ஒன்று இருக்கிறது. வாந்தியோடு இருக்கும் பெண்ணை வெறும் வயிற்றில் பஸ் ஏற்றி வரவழைக்காமல், எப்போது சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு ரத்தம் எடுத்தால் போதும், 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை என்ற முறையைக் கொண்டுவந்தது சென்னை மருத்துவர் வி. சேஷையாவும் அவரோடு இருந்த குழுவும்தான். மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் அதுதான் இருக்கிறது. அப்படியிருந்தும் மாதமாக இருக்கும் பெண்ணை ‘எதற்கும் சாப்பிடாமல் வாம்மா’ என்று சொல்லி அனுப்புகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. எதற்கும் என்றால் எதற்கு? மற்றவர்களுக்கு வெறும் வயிற்றில் செய்யும் குளுக்கோஸ் சோதனைக்குக்கூட, முந்தைய மூன்று நாள் தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது விதி. அரைப் பட்டினியில் இருந்தவருக்கு அந்தச் சோதனை இல்லாத சுகரை இருப்பதாகக் காட்டிவிடும்.

மேலப்பாளையத்திலிருந்து வரும் சகோதரிகள் ரமலான் மாதத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து, ‘எப்படியும் நோன்புதானே, இப்பவே எடுத்துடுங்க’ என்பார்கள். ரத்தம் எடுத்தால் நோன்பு முறியாது என்று அவர்களுடைய ஆலிம்களே சொல்கிறார்கள். ஆனால் தண்ணீரும் இல்லாத ஏறக்குறைய பதினோரு மணி நேரம் அது, ராத்திரித் தூக்கத்துக்குப் பின் எடுக்கும் ரத்தம் இல்லை. அவசரம் இல்லாத கொழுப்பு, யூரிக் அமிலம், பிலிருபின் போன்றவற்றைப் பெருநாள் கழித்து, வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். சுகர் உள்ளவர் நோன்பு வைத்தால் விரலில் குத்திப் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் நோன்பை முறித்துவிட வேண்டும் என்றே சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. சஷ்டி, ஏகாதசி, தவக்கால ஒருசந்தி இருக்கிறவர்களுக்கும் அவசரமில்லாத சோதனைகளில் இதே யோசனைதான்.

இவ்வளவுக்கும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முகாம் அறிவிப்பு வெளியிடும்போது, ‘முந்தைய இரவு எட்டு மணி வாக்கில் வழக்கமான சாப்பாடு, காலையில் தண்ணீர் மட்டும், எட்டு மணிக்குள் ரத்தம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பட்டினி வேண்டாம், சுகர் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்’ என்று சேர்த்து வாங்கிப் போடுங்கள். நான்கு வரிக்குள் அடங்கிவிடும்.

லேப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம், முடிவு வந்த நேரம், அச்சடித்த நேரம் என்று மூன்று நேரம் போடுகிறீர்கள். கடைசியாகச் சாப்பிட்ட நேரம் என்று நான்காவதாக ஒன்றைச் சேருங்கள். அதற்குப் பக்கத்தில் விரதம், நோன்பு, டயட் என்று எழுத அரை அங்குல இடம் விடுங்கள். நான் வேலை பார்த்த தனியார் லேபில் இதைச் சொன்னபோது கம்ப்யூட்டர் மென்பொருளில் அதற்குக் கட்டம் இல்லை என்றார்கள். கட்டம் வரும் வரை பேனாவால் எழுதினேன், இரண்டு மருத்துவர்கள் போன் போட்டு, எல்லா ரிப்போர்ட்டிலும் இப்படி எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பநர்,
பாளையங்கோட்டை.